ஆட்டோகம்ப்ளீட் பிசகினால் எங்கே கை வைப்பது?

எடிட்டர் சம்பந்தப்பட்ட குழுவில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் வந்து சேர்வது பக் ஃபிக்ஸ் வேலைதான். அந்தப் பட்டியலில் ஆட்டோகம்ப்ளீட் டிக்கெட்டுகள் பல மாதமாக யாரும் தொடாமல் கிடக்கும். பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும், பிடிக்கப் போனால் நழுவும். ஒருவர் கணினியில் வரும், பக்கத்து இருக்கையில் வராது. அனுபவசாலிகள் அதைத் தள்ளிவைப்பதற்குக் காரணம் அதுவே. நீங்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். விசைப்பலகை, உரையைத் தாங்கும் பஃபர், மொழி சர்வர், திரையில் விரியும் பட்டியல், அன்டூ என்று எடிட்டரின் எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. ஒரே ஒரு ஆட்டோகம்ப்ளீட் பக்கை அடிவேர் வரை போய்ச் சரிசெய்தவருக்கு எடிட்டரில் பாதி பிடிபட்டுவிடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பரிந்துரைப் பட்டியல் தப்பாக இருக்கிறது என்று புகார் வந்தவுடன் பட்டியலைத் தயாரிக்கும் கோடைத் திறக்கிறோம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை உள்ள எழுத்துகளை மாற்ற வேண்டும், எந்த நேரத்தில் மாற்ற வேண்டும் என்ற இரண்டு முடிவுகளில் ஒன்று பிசகியிருக்கும். இடம், நேரம். இந்த இரண்டையும் சோதித்து முடிக்கும்வரை பட்டியலைத் தொடாதீர்கள்.

புகாரை முதலில் பிரியுங்கள்

“ப்ரோ, ஆட்டோகம்ப்ளீட் வேலை செய்யல” என்பார் டெஸ்டர். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: “பட்டியல் வரவே இல்லையா, வந்து தப்பா இருந்துச்சா, இல்ல சரியா வந்து, தேர்ந்தெடுத்ததும் வரி கெட்டுப்போச்சா?” மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள், கோடில் மூன்று வெவ்வேறு இடங்கள். முதலாவது தூண்டுதல் சம்பந்தப்பட்டது. இரண்டாவது வடிகட்டலும் வரிசைப்படுத்தலும். மூன்றாவது மாற்றீட்டு எல்லை. இந்த ஒரு கேள்வியே பாதி நாளை மிச்சப்படுத்தும்.

அடுத்ததாக, கர்சருக்கு முன்னால் என்ன இருந்தது என்பதோடு பின்னால் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். புகார் எழுதுகிறவர்கள் பின்னால் இருப்பதைச் சொல்லவே மாட்டார்கள். ஒரு சொல்லின் நடுவில் கர்சரை வைத்து, அங்கே பட்டியலைத் திறந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மீதிப் பாதிச் சொல் என்ன ஆக வேண்டும்? ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா, அழிந்துபோக வேண்டுமா? இரண்டு விருப்பத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். வி.எஸ். கோடில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது: இடைச்செருகவா, மாற்றிவிடவா என்று பயனர் முடிவு செய்யலாம். உங்கள் எடிட்டரில் அப்படி ஒன்று இருந்து, புகார் செய்தவர் அதை மாற்றி வைத்திருந்தால், உங்கள் கணினியில் அந்த பக் ஒருநாளும் வராது.

எந்த விசையால் ஏற்றுக்கொண்டார் என்பதும் முக்கியம். என்டர், டேப், மவுஸ் சொடுக்கு, டாட் என்று ஒவ்வொன்றும் கோடில் தனித்தனி வழியாகப் போகக்கூடும். என்டரில் பிழையில்லாமல் நடப்பது டாட்டில் கெடும். ஏனென்றால் டாட் பரிந்துரையை ஏற்றுக்கொள்வதோடு தன்னையும் ஓர் எழுத்தாகச் சேர்த்துக்கொள்கிறது. உடனே அடுத்த பட்டியலையும் திறக்கிறது. ஒரு விசைக்கு மூன்று வேலை. இவற்றின் வரிசை மாறினால் வரி கெடும்.

அப்புறம் எடிட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு பாருங்கள். விம் என்றால் கிளீன் என்ற விருப்பத்தோடும், ஈமேக்ஸ் என்றால் மைனஸ் பெரிய க்யூ கொடுத்தும் திறந்தால், பயனரின் தனி அமைப்புகள் எதுவும் ஏறாது. வி.எஸ். கோடில் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக அணைத்து, கோளாறு எதில் என்று காட்டிக்கொடுக்கும். துடைத்த எடிட்டரில் பக் வரவில்லையென்றால் குற்றவாளி ஒரு பிளக்இன் அல்லது பயனரின் அமைப்பு. வருகிறதென்றால், முன்பு ஒழுங்காக இருந்த பதிப்பு எது என்று கேட்டுவிட்டு கிட் பைசெக்ட்டை ஓட்டுங்கள். ஆயிரம் கமிட்டுகளுக்கு நடுவில் கெடுத்த ஒன்றைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ பத்துச் சோதனைகள் போதும். இதைச் செய்யாமல் கோடைப் படித்தே கண்டுபிடிக்கிறேன் என்று உட்காருவது திறமைக்கு அடையாளம் இல்லை, நேர விரயம்.

கர்சர் நிற்கும் இடம் எது?

இடப் பிழைகளில் எளியது இரட்டை அடைப்புக்குறி. செயற்கூறின் பெயரை ஏற்றுக்கொண்டதும் எடிட்டர் அடைப்புக்குறியையும் சேர்த்துப் போடுகிறது. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தால் இரண்டாகிவிடும். கர்சருக்குப் பின்னால் பார்க்காத கோடு என்று உடனே தெரிந்துவிடும். இதில் நின்று பேச ஒன்றுமில்லை.

நின்று பேச வேண்டியது நிலை எண் கணக்கு. 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகியவை சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை அறிவித்தன. அதற்கு முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆட்டோகம்ப்ளீட் எழுத வேண்டியிருந்தது. இப்போது மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் போதும், நெறிமுறை தெரிந்த எந்த எடிட்டரும் அதனோடு பேசலாம். நியோவிம் 2021-இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து இதற்கான கிளையண்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஈமேக்ஸ் 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில் எக்லாட் என்ற கிளையண்டைச் சேர்த்துக்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு நிரல்கள் ஒரே வரியில் ஒரே இடத்தைச் சுட்ட வேண்டுமென்றால், இரண்டும் ஒரே மாதிரி எண்ண வேண்டும். பக் நுழைவது இங்கேதான்.

இந்த நெறிமுறையில் கர்சரின் நிலை இயல்பாக யுடிஎஃப்-16 அலகுகளில் எண்ணப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜாவாவும் சரங்களை அப்படியே எண்ணுவதால் அவற்றில் எழுதிய சர்வருக்குச் சிக்கல் இல்லை. ரஸ்ட்டும் கோ மொழியும் யுடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணுகின்றன. பைத்தான் 3 யூனிகோட் குறிகளாக எண்ணுகிறது. ஆங்கிலம் மட்டும் உள்ள வரியில் மூன்று கணக்கும் ஒரே விடை தரும். அதனால் பக் தெரியவே தெரியாது.

“தமிழ்” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடில் 5 குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, மெய்ப்புள்ளி. யுடிஎஃப்-16-இலும் 5 அலகுகள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. இப்போது ஒரு வரியில் மேற்கோள் குறி, தமிழ், மறுபடி மேற்கோள் குறி, அதற்குப் பின் ஒரு டாட் என்று அடிக்கிறீர்கள். சரத்துக்குப் பின் டாட் வைத்தால் சரத்துக்கான செயற்கூறுகள் பட்டியலாக விரிய வேண்டும். எடிட்டர் சர்வரிடம் “கர்சர் 8-இல் இருக்கிறது” என்கிறது. 1, 5, 1, 1 கூட்டினால் 8. கணக்கு சரி. சர்வர் அந்த 8-ஐ பைட் எண்ணாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மேற்கோள் குறிக்கு 1 பைட், த-வுக்கு 3, ம-வுக்கு 3, ஆக 7. எட்டாவது பைட்டோடு இகரக் கொக்கி தொடங்குகிறது. அதன் முதல் பைட் முடிந்த இடத்தில் கர்சர் நிற்பதாக சர்வர் நினைக்கிறது. அதாவது ஓர் எழுத்தின் வயிற்றுக்குள். ரஸ்ட்டில் எழுதிய சர்வர் அந்த இடத்தில் சரத்தை வெட்டப் போனால் பேனிக் ஆகி நின்றுவிடும். கோ மொழியில் எழுதியது சத்தம் காட்டாமல் அரைகுறை பைட்டுகளைக் கையில் கொடுக்கும். அப்படியே தப்பித்தாலும், கர்சர் இன்னும் மேற்கோளுக்குள் இருப்பதாக எண்ணி சர்வர் வெறும் பட்டியலை அனுப்பும். பயனர் பார்ப்பது ஒன்றைத்தான்: தமிழ் இருக்கும் வரியில் ஆட்டோகம்ப்ளீட் வருவதில்லை.

நெறிமுறையின் 2022-இல் வந்த 3.17 பதிப்பில் இதற்கு வழி வைத்தார்கள். தொடக்கத்திலேயே எடிட்டர் தனக்குத் தெரிந்த எண்ணும் முறைகளைச் சொல்லும், சர்வர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து பதில் சொல்லும். சர்வர் ஒன்றும் சொல்லவில்லையென்றால் யுடிஎஃப்-16 என்றே கொள்ள வேண்டும். ஆகவே பக்கைத் தேடும்போது முதலில் லாக்கைத் திறந்து, தொடக்கக் கைகுலுக்கலில் எந்த முறை ஒப்புக்கொள்ளப்பட்டது என்று பாருங்கள். பிறகு அனுப்பிய நிலை எண்ணைக் காகிதத்தில் எண்ணிச் சரிபாருங்கள். ஈமேக்ஸின் எக்லாட் இந்தப் பேச்சு முழுவதையும் தனிப் பஃபரில் காட்டும். வி.எஸ். கோடில் பல எக்ஸ்டென்ஷன்களுக்கு டிரேஸ் என்ற அமைப்பை வெர்போஸ் என்று மாற்றினால் தெரியும்.

டெஸ்ட் எழுதும்போது இன்னொரு எச்சரிக்கை. தமிழ் எழுத்துகளில் யுடிஎஃப்-16 கணக்கும் யூனிகோட் குறிக் கணக்கும் ஒன்றாகவே வரும். அதனால் தமிழ் வரியை வைத்துச் சோதித்தால் பைட்டுக் குழப்பம் மாட்டும், பைத்தான் வகைக் குழப்பம் மாட்டாது. அதற்கு ஒரு ஸ்மைலி வேண்டும். அது ஒரே குறி, யுடிஎஃப்-16-இல் 2 அலகு, யுடிஎஃப்-8-இல் 4 பைட். கர்சருக்கு முன்னால் ஒரு தமிழ்ச் சொல்லும் ஒரு ஸ்மைலியும் உள்ள வரியை எல்லா ஆட்டோகம்ப்ளீட் டெஸ்ட்டிலும் சேர்த்துவிடுங்கள். குழு வழக்கமாகவே ஆக்கிவிடலாம்.

இடப் பிழையின் இன்னொரு ஊற்று, சொல் எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்கும் ரெகெக்ஸ். பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், மொழி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதே பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் நூலகத்தில் “சொல்லெழுத்து” என்பதற்கான குறியீடு கொக்கிகளையும் மெய்ப்புள்ளியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. “தமிழ்” அதில் “தம” என்றும் “ழ” என்றும் இரண்டாக உடைகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே குறியீட்டுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே தெரியும். பிளக்இன் எழுதியவர் அந்தக் குறியீட்டை நம்பியிருந்தால், நீங்கள் “தமி” என்று அடித்து நிற்கும்போது கர்சருக்கு முன்னால் சொல்லே இல்லை என்று அது முடிவுகட்டும். “தமிழ்” என்பதைத் தேர்ந்தெடுத்தால் “தமிதமிழ்” என்று ஒட்டிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2018-க்குப் பின் யூனிகோட் பண்பை வைத்தே ரெகெக்ஸ் எழுதலாம். எழுத்து, ஒட்டுக்குறி, எண் என்று மூன்று வகையையும் சேர்த்து எழுதுங்கள். ஒட்டுக்குறியை விட்டுவிட்டால் பெரும்பாலான இந்திய மொழிகள் உடையும்.

நேரம் பிசகும்போது

இந்த வகைதான் ஒரு கணினியில் வந்து இன்னொன்றில் வராதது. நீங்கள் ஓர் எழுத்து அடித்தவுடன் எடிட்டர் சர்வரைக் கேட்கிறது. பதில் வருவதற்குள் இன்னும் இரண்டு எழுத்து அடித்துவிடுகிறீர்கள். பழைய கேள்விக்கான பதில் இப்போது வருகிறது. அதில் சொல்லப்பட்ட எல்லை பழைய வரிக்கு உரியது. அப்படியே பொருத்தினால் இரண்டு எழுத்து அதிகமாக நிற்கும் அல்லது அழியும்.

நெறிமுறையில் கோப்பு மாறும்போதெல்லாம் அதன் வெர்ஷன் எண் சர்வருக்குப் போகிறது. ஆனால் ஆட்டோகம்ப்ளீட் கேள்வியோடு அந்த எண் போவதில்லை. எந்த வெர்ஷனில் இருக்கும்போது கேட்டோம் என்பதை எடிட்டரே குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியை ரத்து செய்துவிட்டோம், இனிமேல் பதில் வராது என்று நினைப்பதும் தவறு. ரத்து செய்த கேள்விக்கும் ஒரு பதில் வந்தே தீரும், சில நேரம் பாதிப் பட்டியலோடு.

இதைக் கண்முன் கொண்டுவர, சர்வரை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள். பதில் அனுப்பும் இடத்தில் இரண்டு விநாடி தாமதம் வையுங்கள். மாதக்கணக்கில் “எப்போதாவது வருகிறது” என்று சொல்லப்பட்ட பக் ஒவ்வொரு முறையும் வரத் தொடங்கும். டெஸ்ட்டில் உண்மையான தாமதம் வைக்காதீர்கள். போலி சர்வர் ஒன்றை எழுதி, முதல் கேள்விக்கான பதிலை நீங்களே கையில் பிடித்துவைத்து, இரண்டாவது பதில் போன பிறகு விடுங்கள். அப்போது டெஸ்ட் எந்த இயந்திரத்திலும் ஒரே விடை தரும்.

ஒரு தீர்வை மட்டும் எந்த நிலையிலும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பேன். “50 மில்லிசெகண்ட் காத்திருக்க வைத்தேன், சரியாகிவிட்டது” என்பது தீர்வே இல்லை. உங்கள் கணினியின் வேகத்துக்கு அது ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். கிராமத்தில் பழைய மடிக்கணினியில் வேலை செய்யும் மாணவருக்கு அது திரும்பி வரும். அவர் புகார் எழுதமாட்டார், எடிட்டரைக் கைவிட்டுவிடுவார்.

நேரத்தோடு சேர்ந்த இன்னொன்று, முழுமையடையாத பட்டியல். ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கும்போது சர்வர் முதல் சில நூறை மட்டும் அனுப்பிவிட்டு, “இது முழுமையல்ல” என்று ஒரு கொடியை ஏற்றி வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எடிட்டர் அடுத்த எழுத்துக்கு மறுபடி கேட்கும். கொடியை மறந்தால் எடிட்டர் கையிலிருக்கும் பட்டியலையே வடிகட்டிக்கொண்டிருக்கும். அடையாளம் தெளிவானது: முழுச் சொல்லையும் அடித்தாலும் பட்டியலில் அது வராது, எஸ்கேப் அடித்து மறுபடி திறந்தால் வந்து நிற்கும். யாராவது இப்படிச் சொன்னால் நேரே அந்தக் கொடியைப் போய்ப் பாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள்

எடிட்டர் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற உலகத்தில் இருக்கிறார்கள். தமிழ் அடிக்கிறவர் அந்த உலகத்தில் இல்லை. ஒலிபெயர்ப்பு முறையில் அம்மா என்று அடிக்கும் எவரும் இதை ஒவ்வொரு விநாடியும் பார்க்கிறார். “கணக்கு” என்ற சொல்லுக்கு முதல் விசையைத் தட்டியதும் திரையில் “க்” வருகிறது. அடுத்த விசையில் புள்ளி அழிந்து “க” ஆகிறது. எடிட்டரின் பார்வையில் என்ன நடந்தது? முதலில் இரண்டு குறிகள் வந்தன. அந்த இரண்டில் தொடங்கும் சொல் பட்டியலில் இல்லை, ஏனென்றால் “கணக்கு” என்பதில் க-வுக்கு அடுத்து வருவது ண. ஒன்றும் பொருந்தாததால் பட்டியல் மூடிக்கொள்கிறது. பிறகு ஒரு குறி அழிகிறது. அழிக்கும்போது பட்டியலைத் திறக்க வேண்டாம் என்று கோடில் எழுதியிருக்கிறது. ஆக இப்படி எழுதப்பட்ட எடிட்டரில் ஒலிபெயர்ப்பில் அடிக்கிறவருக்குப் பரிந்துரை தேவையான நேரத்தில் வருவதே இல்லை. யார் மேலும் தப்பில்லை, ஒவ்வொரு விதியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான்.

இதற்கான ஃபிக்ஸ் சிறியது. அடித்த பகுதி மெய்ப்புள்ளியில் முடிந்தால், வடிகட்டும்போது மட்டும் அந்தக் கடைசிப் புள்ளியைக் கணக்கில் எடுக்காதீர்கள். தமிழ்99 முறையில் இன்னொரு விதம்: க-வை இரண்டு முறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி பெற்று “க்க” ஆகும். அதாவது கர்சரை ஒட்டிய எழுத்துக்கும் முந்தைய எழுத்து மாறுகிறது. கடைசி எழுத்தை மட்டும் பார்க்கும் கோடு இங்கே தடுமாறும். சொல்லின் தொடக்கத்திலிருந்து கர்சர்வரை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

பிரவுசருக்குள் ஓடும் எடிட்டர்களில், உள்ளீட்டு முறை ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டிருக்கும்போது காம்போசிஷன் என்று தனி நிலை இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 2019 முதல் வரும் தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை போன்றவை இப்படித் தங்கள் தேர்வுப் பட்டியலைக் காட்டும்போது, எடிட்டரும் தன் பட்டியலைக் காட்டினால் என்டர் யாருக்கு? விசை நிகழ்வில் “காம்போசிஷன் நடக்கிறது” என்று தெரிந்தால் எடிட்டர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஜப்பானியப் பயனர்கள் பல எடிட்டர்களில் இதே பிரச்சினையைத் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய டிக்கெட்டுகளைத் தேடிப் படித்தால் பாதி விடை அங்கே இருக்கும்.

அடுத்தது கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருக்கும் எழுத்துகள். “கொ” என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கோப்பில் ஒரு விதமும் விரலில் இன்னொரு விதமும் இருந்தால் “கொடை” என்ற சொல் பட்டியலில் பொருந்தாது. ஒப்பிடும்போது இரண்டு பக்கத்தையும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு உட்படுத்துங்கள். பட்டியல் வந்தவுடன் ஒரே முறை செய்து வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு விசைக்கும் செய்தால் எடிட்டர் மந்தமாகும். ஆனால் கோப்புக்குள் செருகும்போது மூல வடிவத்தையே செருகுங்கள். கோப்புப் பெயராக இருந்தால் வட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போக வேண்டும், இல்லையென்றால் லினக்ஸில் அந்தக் கோப்பு திறக்காது. பயனரின் உரையை அவர் கேட்காமல் மாற்றும் உரிமை எடிட்டருக்கு இல்லை. “கௌரவம்” என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ள-வையும் சிலர் அடித்து வைத்திருப்பார்கள். அதை இயல்பாக்கம் சரிசெய்யாது. அது வேறு எழுத்து, எழுத்துப்பிழைத் திருத்தியின் வேலை.

“க” என்று அடித்தால் “கிழமை” பட்டியலில் வர வேண்டுமா என்ற கேள்வியும் எழும். குறிக் கணக்கில் பொருந்துகிறது, எழுத்துக் கணக்கில் பொருந்தவில்லை. தமிழ்99-இல் அடிக்கிறவர் க-வைத் தட்டிவிட்டுத்தான் இகரத்துக்குப் போகிறார், அதனால் வருவதே நல்லது என்பது என் கருத்து. இருந்தாலும் நீங்களாக முடிவெடுக்காமல், அடிக்கிறவர்கள் சிலரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஃபிக்ஸ் முடிந்தது, வேலை முடியவில்லை

கோடை மாற்றுமுன் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். விம்மில் ஆட்டோகம்ப்ளீட் பகுதி இன்ஸ்எக்ஸ்பாண்ட் என்ற சி கோப்பில் இருக்கிறது, அதற்கென்று தனி டெஸ்ட் கோப்பும் உண்டு. வி.எஸ். கோடில் சஜெஸ்ட் என்ற கோப்புறையைத் தேடுங்கள். ஈமேக்ஸில் மினிபஃபர் கோப்பில் தொடங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் டெஸ்ட்டுகளில் உங்கள் பக்குக்கு நெருங்கிய ஒன்றை நகலெடுத்து மாற்றினால் அந்த எடிட்டரின் நடையிலேயே அமைந்துவிடும்.

அன்டூவை மறக்காதீர்கள். பரிந்துரையை ஏற்றுக்கொண்டு ஒரே ஒரு முறை அன்டூ செய்தால் வரி முன்பிருந்த நிலைக்கு எழுத்துப் பிசகாமல் திரும்ப வேண்டும். தானாக மேலே சேர்ந்த இம்போர்ட் வரியும் கூடவே போக வேண்டும். விம்மில் டாட் கட்டளை கடைசி மாற்றத்தை மறுபடி செய்யும், அங்கேயும் சோதியுங்கள். பல கர்சர்கள் இருக்கும்போதும் ஒருமுறை.

கமிட் செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் ரிவ்யூ செய்கிறவர் உங்களை மறக்கமாட்டார்: எந்த விசைகளை எந்த வரிசையில் தட்டினால் பக் வந்தது, ஏன் வந்தது, இந்த மாற்றம் எதைத் தொடவில்லை. மூன்றாவதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. பராமரிப்பாளரின் முதல் பயமே அதுதான். பதினைந்து வரி ஃபிக்ஸோடு நூறு வரி அழகுபடுத்தலைக் கலக்காதீர்கள், தனியாக அனுப்புங்கள். குனு ஈமேக்ஸுக்கு ஏறத்தாழ 15 வரிக்கு மேல் கோடு தருவதென்றால் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்குப் பதிப்புரிமை எழுதிக்கொடுக்க வேண்டும். நீங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் அதற்கு முதலாளியின் ஒப்புதலும் தேவைப்படலாம். ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விம்மை 1991-இல் வெளியிட்டு முப்பது ஆண்டுக்கு மேல் பராமரித்த பிராம் மோலனார் 2023-இல் மறைந்தார். இன்று தன்னார்வலர்கள் குழுவாக அதை நடத்துகிறார்கள். அவர்கள் நேரத்தை மதித்து, ஒரு வாரம் பதில் வரவில்லையென்றால் பொறுமையாக இருங்கள்.

நேர்முகத் தேர்வில் பத்து பக்குகளின் பெயரை அடுக்குவதைவிட ஒன்றை முழுமையாகச் சொல்வது மதிப்பு. முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், எந்தச் சோதனை அந்தச் சந்தேகத்தைத் தள்ளியது, கடைசியில் எந்த நிலை எண் தவறாக வந்தது, எந்த டெஸ்ட் இனி அதைப் பிடிக்கும். பலகையில் பைட்டுகளை எழுதிக்காட்டக் கூச்சப்படாதீர்கள். கேட்கிறவர் எடிட்டர் வேலையே செய்யாதவராக இருந்தாலும், ஒரு பிரச்சினையை எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் எடிட்டரை இன்றே திறந்து, தமிழில் ஒரு வரியும் ஒரு ஸ்மைலியும் அடித்து, அதன் பின்னால் ஆட்டோகம்ப்ளீட் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் விசை வரிசையோடு டிக்கெட் எழுதுங்கள். தமிழ் அடிக்கத் தெரிந்த நீங்கள் எழுதாவிட்டால் அந்த டிக்கெட்டை வேறு யாரும் எழுதப்போவதில்லை.